பருப்பு வேகவில்லை என்றால் தண்ணீரை அளந்து பாருங்கள்

எங்கள் வீட்டில் துவரம்பருப்பு மூன்று விசிலில் மசிந்துவிடும். அன்றைக்கு ஆறு விசில் விட்டுக் குக்கரைத் திறந்தேன். பருப்பு முழுசு முழுசாக அப்படியே கிடந்தது. அத்தை கரண்டியால் ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, “ஏத்தா, நல்ல தண்ணிதான ஊத்துன?” என்று கேட்டார். ஆர்.ஓ. சுத்திகரிப்பு மிஷினில் பிடித்த தண்ணீர்தான் ஊற்றியிருந்தேன். “அப்ப அந்த மிசினு உப்புத் தண்ணியத்தான் தருது” என்றார்.

அத்தைக்கு உசிலம்பட்டிப் பக்கம். ஊருணித் தண்ணீரிலும் கிணற்றுத் தண்ணீரிலும் மாறி மாறிச் சமைத்தவர். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பருப்பை மசியவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவர் சொன்னது சரிதான். ஆனால் மிஷினில் எந்த இடத்தில் கோளாறு என்று கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதமும் நிறையப் பணமும் ஆயின.

எங்கள் வீடு மதுரை ஆனையூர்ப் பக்கம். போர் 280 அடி. மாநகராட்சிக் குழாயில் வைகைத் தண்ணீர் வரும் நாளில் அதைத் தரைத்தொட்டியில் பிடித்து மேலே ஏற்றுவோம். வராத நாளில் போர் மோட்டாரைப் போடுவோம். இரண்டும் ஒரே மாடித்தொட்டியில்தான் கலக்கும், அந்தத் தொட்டியிலிருந்துதான் ஆர்.ஓ.வுக்கு இணைப்பு. மதுரையில் பாதி வீடுகளில் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எங்களுடைய குழப்பம் எல்லாம் இந்தக் கலப்பில்தான் தொடங்கியது.

பருப்பு வேகாத மறுநாள் மெக்கானிக் தம்பியை வரச்சொன்னோம். மூடியைக் கழற்றினார், பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தண்ணீரில் விட்டார், “மெம்பரேன் போச்சுக்கா” என்றார். மிஷினுக்குள் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் மெல்லிய சவ்வுதான் மெம்பரேன். 2,600 ரூபாய் கொடுத்து மாற்றினோம். அது ஆவணிக் கடைசி. ஐப்பசியில் மழை பிடித்தது, குழாய்த் தண்ணீரும் ஒழுங்காக வந்தது, பருப்பும் வெந்தது. புது மெம்பரேனால்தான் சரியாயிற்று என்று நம்பினோம். பங்குனிக் கடைசியில் மறுபடியும் அதே கதை. காபியில் ஒரு கரிப்பு, பருப்பு வேகவில்லை. அதே தம்பி வந்து அதே வார்த்தையைச் சொன்னார். ஏழே மாதத்தில் எப்படிப் போகும் என்று கேட்டதற்கு, “உங்க தண்ணி அப்படிக்கா” என்றார்.

அந்தத் தடவை நான் மாற்றச் சொல்லவில்லை. டவுனுக்குள் ஆர்.ஓ. உதிரிபாகம் விற்கும் ஒரு சின்னக் கடைக்குப் போய் 250 ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கினேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டுவது அது. கடையில் இருந்த பெரியவர் முப்பது வருடமாகத் தண்ணீர் மோட்டாரும் ஃபில்டரும் பார்க்கிறவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “எங்க அளந்தாரும்மா? குழாயிலயா, மெம்பரேன் வாயிலயா?” என்பதுதான். எனக்குப் புரியவில்லை. சாயங்காலம் அவரே வீட்டுக்கு வந்தார்.

அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதை எந்த வீட்டிலும் யாரும் செய்யலாம். மிஷினைப் பத்து நிமிடம் ஓடவிட்டார். உள்ளே போகும் தண்ணீரை அளந்தார்: 1,380. குடிக்கும் குழாயில் வந்ததை அளந்தார்: 340. அப்புறம் மெம்பரேன் கூட்டிலிருந்து நல்ல தண்ணீர் வெளியே வரும் மெல்லிய டியூபைக் கழற்றி, அங்கே சொட்டிய தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து அளந்தார்: 96. “மெம்பரேன் தங்கமா வேலை செய்யுது. உப்பு வேற வழியா வருதும்மா” என்றார்.

வேறு வழி என்று அவர் சொன்னது டி.டி.எஸ். கன்ட்ரோலரை. பல மிஷின்களில் இது உண்டு. மெம்பரேனுக்குள் போகாத தண்ணீரில் கொஞ்சத்தை எடுத்து, சுத்திகரித்த தண்ணீரோடு கலக்கும் ஒரு சின்னத் திருகு அது. தண்ணீர் சப்பென்று இருக்கக்கூடாது, கொஞ்சம் தாது இருக்கட்டும் என்பதற்காக வைத்தது. மிஷினை மாட்டிய நாளில் எங்கள் மாடித்தொட்டியில் இருந்தது வைகைத் தண்ணீர். அதற்கேற்ப ருசி பார்த்து அந்தத் திருகைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 200 இருக்கும் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் ஒன்றும் தெரியாது. கோடையில் தொட்டி முழுக்க போர்த் தண்ணீர் ஆனபோது அதே திறப்பு வழியாக 1,380 நேராக டம்ளருக்கு வந்தது. பெரியவர் திருகை முழுக்க மூடினார். கால் மணி நேரம் கழித்து அளந்தால் 105.

அப்படியென்றால் ஆவணியில் கழற்றி எறிந்த மெம்பரேனும் நன்றாகத்தான் இருந்திருக்கும். அன்று ராத்திரி எனக்கு அது ரொம்ப வருத்தமாக இருந்தது. பணத்தைவிட, நன்றாக உழைத்த ஒரு பொருளைக் குப்பையில் போட்டதுதான் உறுத்தியது.

கன்ட்ரோலர் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அந்தத் திருகு வழியாக வருவது உப்பு மட்டும் இல்லை. போர்த் தண்ணீரில் நைட்ரேட்டோ ஃபுளோரைடோ கூடுதலாக இருந்தால் அதுவும் மெம்பரேனைத் தாண்டி அப்படியே டம்ளருக்கு வரும். வழியில் யு.வி. விளக்கு இருந்தாலும் அது கிருமியைக் கொல்லுமே தவிர, கரைந்திருக்கும் எதையும் எடுக்காது. போர்த் தண்ணீரை நம்பி இருக்கும் வீட்டில் அந்தத் திருகு மூடியே இருக்கட்டும் என்பது என் முடிவு.

அன்றிலிருந்து அடுக்களைக் காலண்டரில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை எழுதுகிறேன். உள்ளே போவது எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு. கூடவே பெரியவர் சொல்லித்தந்த இன்னொரு அளவும். ஒரு நிமிடத்தில் நல்ல தண்ணீர் எத்தனை மில்லி வருகிறது, மெம்பரேன் ஒதுக்கிய உப்புத் தண்ணீர் வேஸ்ட் டியூபில் எத்தனை மில்லி போகிறது என்பது. மில்லி குறித்த ஓர் அளவுக் குவளையும் செல்போன் கடிகாரமும் போதும். எங்கள் மெம்பரேன் 75 கேலன் வகை. ஒரு நாள் முழுக்க ஓடினால் 284 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 200 மில்லியை ஒட்டி வரவேண்டும் என்று கணக்கு. அது நல்ல அழுத்தமும் குறைந்த உப்பும் இருக்கும்போது. எங்கள் தண்ணீருக்குப் புது மெம்பரேன் 170 மில்லி தந்தது, வேஸ்ட் 480 போனது.

இந்த இரண்டு அளவையும் சேர்த்துப் பார்த்தால் நோய் எங்கே என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும். மெம்பரேன் வாயில் வரும் டி.டி.எஸ். உள்ளே போவதில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் அது ஆரோக்கியமான மெம்பரேன். எங்களுக்கு 138 வரை கவலை இல்லை. ஐந்தில் ஒரு பங்கை நெருங்கினால் அதன் காலம் முடிகிறது. டி.டி.எஸ். நன்றாக இருந்து தண்ணீர் மட்டும் மெதுவாக வந்தால், மெம்பரேனைத் தொடுவதற்கு முன்னால் மற்றதையெல்லாம் பார்க்க வேண்டும்: மண்ணைத் தடுக்கும் கேண்டில் அடைத்திருக்கிறதா, கார்பன் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, பம்ப் தளர்ந்துவிட்டதா, மாடித்தொட்டிக் குழாயின் வால்வு பாதி மூடிக் கிடக்கிறதா.

அளக்கும்போது ஒரு விஷயம் முக்கியம். காலையில் முதல் டம்ளரை அளக்காதீர்கள். மிஷின் நின்றிருக்கும் நேரத்தில் மெம்பரேனின் அந்தப் பக்கத்து உப்பு மெல்ல இந்தப் பக்கம் கசிந்து வந்துவிடும். முதலில் வருகிற தண்ணீர் எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும். ஐந்து, பத்து நிமிடம் ஓடிய பிறகு எடுங்கள். மீட்டரின் முனையை இரண்டு தடவை அதே தண்ணீரில் அலசிவிட்டு அளங்கள். எனக்கு ஒரு தடவை 160 என்று காட்டிப் பதறிப்போய், அரை மணி கழித்து அளந்தால் 98 இருந்தது.

சரி, கேண்டிலுக்கு வருகிறேன். மிஷினுக்கு வெளியே நீளக் குப்பி மாதிரி ஒன்று தொங்கும், அதற்குள் வெள்ளைப் பஞ்சுக் குச்சி இருக்கும். விலை 150 ரூபாய்க்குள். மண்ணையும் துருவையும் முதலில் வாங்கிக்கொள்வது அதுதான். போர் மோட்டாரை வெளியே எடுத்து வேலை பார்த்துத் திரும்ப இறக்கிய வாரத்தில் எங்கள் கேண்டில் செங்கல் நிறமாகிவிட்டது. பம்ப் முனகியது, தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. மாற்றியதும் பழையபடி ஆனது. இதை நானே மாற்றுகிறேன். தண்ணீர் வால்வை மூடி, கரண்டை நிறுத்தி, குப்பியை அதற்குரிய ஸ்பேனரால் கழற்றி, உள்ளே விரலால் தடவிக் கழுவி, ரப்பர் வளையம் அதன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்து மூட வேண்டும். அந்த வளையம் முறுக்கிக்கொண்டால் ராத்திரி முழுக்க ஒழுகும். புதுக் கேண்டில் போட்டதும் முதல் ஒரு குடம் தண்ணீரை மிஷினுக்குள் விடாமல் டியூபைக் கழற்றி வெளியே விட்டுவிடுவேன். எங்கள் தண்ணீருக்கு இரண்டு மாதம், மோட்டார் வேலை நடந்தால் உடனே.

கார்பனை நான் வாசனைக்காக வைத்தது என்று நினைத்திருந்தேன். அதன் பெரிய வேலை மெம்பரேனைக் காப்பாற்றுவது. குழாய்த் தண்ணீரில் கிருமிக்காகக் கலக்கும் குளோரின் மெம்பரேனின் மெல்லிய படலத்தை அரித்துவிடும். கார்பன் அதை முன்னாலேயே பிடித்து வைக்கிறது. வேஸ்ட் டியூபில் வரும் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தால் கார்பன் தீர்ந்துபோனது என்று அர்த்தம், அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்று: மாடித்தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும் நாளில் ஆர்.ஓ.வுக்குப் போகும் வால்வை மூடிவிட வேண்டும். தொட்டியை இரண்டு தடவை அலசி, புதுத் தண்ணீர் நிரப்பிய பிறகுதான் திறக்க வேண்டும். தொட்டி கழுவ வருகிற ஆட்களுக்கு இது தெரியாது. நாம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

அடுத்து நாங்கள் செய்த தவறு. ஒரு சித்திரைத் திருவிழாவுக்கு வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்தவர்களுக்குத் தண்ணீர் போதவில்லை. வேஸ்ட் டியூபிலோ இடைவிடாமல் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு பங்கு நல்ல தண்ணீருக்கு மூன்று பங்கு வெளியே. போர் வற்றுகிற மாதத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் மனசு கேட்காது. என் கொழுந்தனார் அந்த டியூபில் ஒரு கிளிப்பை மாட்டி இறுக்கினார். வேஸ்ட் பாதியாகக் குறைந்தது, நல்ல தண்ணீரும் முன்னைவிட வேகமாக வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். விருந்தாளிகள் போன பிறகும் நான் கிளிப்பை எடுக்கவில்லை.

ஆனி மாதம் அளந்தபோது நல்ல தண்ணீர் 170 மில்லியிலிருந்து 90க்கு வந்திருந்தது. டி.டி.எஸ். 210. பெரியவர் மெம்பரேனைக் கழற்றிக் கையில் கொடுத்தார். ஈரம் சொட்டியதைக் கணக்கில் எடுத்தாலும் கல் மாதிரிக் கனத்தது, ஓரமெல்லாம் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெள்ளையாகச் சொரசொரவென்று இருந்தது. வேஸ்ட் என்று நாம் சொல்லும் அந்தத் தண்ணீர்தான் மெம்பரேனைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. உள்ளே தங்கும் உப்பையும் சுண்ணாம்பையும் வெளியே அடித்துக்கொண்டு போவது அதுதான். அந்த வழியை நெரித்தால் சுண்ணாம்பு உள்ளேயே படியும். அந்த டியூபில் எஃப்.ஆர். என்று விரல் நீளத்துக்கு ஒரு துண்டு இருக்கும், எவ்வளவு வெளியே போகவேண்டும் என்று அளந்து விடுவது அதன் வேலை. அதுவும் காலப்போக்கில் அடைக்கும். அதனால் வேஸ்ட் குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள், அன்றைக்கே பாருங்கள். புது மெம்பரேன் போடும்போது எஃப்.ஆரையும் புதிதாகப் போட்டுவிடச் சொல்லுங்கள், சின்னக் காசுதான். முதல் மெம்பரேனைத் தெரியாமல் எறிந்தோம். இரண்டாவதை நாங்களே கெடுத்தோம். மூன்றாவது இருபத்தாறு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது, போன மாதம் மெம்பரேன் வாயில் 112.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. டேங்க் நிறைந்து பம்ப் நின்ற பிறகும் வேஸ்ட் டியூபில் ஒழுகிக்கொண்டிருந்தால், மிஷின் நிற்கும்போது தண்ணீரைத் தானாக மூடும் சோலினாய்டு வால்வு பிடிக்கவில்லை. அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

அந்த வேஸ்ட் தண்ணீரை என்ன செய்வது? உள்ளே 1,380 போனால் வெளியே வருவது 1,800க்கு மேல். முதலில் அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு விட்டேன். ஒரு கோடைக்குள் இலை நுனியெல்லாம் கருகி, மண்ணின்மேல் வெள்ளையாகப் பூத்துவிட்டது. அத்தை ஆசையாக வைத்த செடி. மழைக்குப் பிறகு ஒருவழியாகத் துளிர்த்தது. இப்போது டியூபை நீளமாக இழுத்து பின்கட்டில் ஒரு டிரம்முக்கு விட்டிருக்கிறேன். வீடு துடைக்க, கக்கூஸ் கழுவ, பாத்திரத்தை முதலில் ஊறவைக்க, மிதியடி துவைக்க எல்லாம் அதுதான். ஒரு நாளைக்கு இருபது லிட்டர் குடிதண்ணீர் பிடித்தால் ஐம்பத்தைந்து லிட்டருக்கு மேல் வேஸ்ட் கிடைக்கிறது. பின்கட்டுத் தென்னைக்கு எப்போதாவது ஊற்றுவேன், தென்னை உப்பைத் தாங்கும். டியூபை நீட்டும்போது அது மடங்காமல், மிஷினைவிட மேலே ஏறாமல் இருக்கவேண்டும்.

மிஷினுக்குள் இருக்கும் டேங்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சுத்தமான தண்ணீர்தானே, அதில் என்ன அழுக்கு வரும் என்று நானும் நினைத்தேன். மூடியைத் திறந்து சுவரைத் தடவினால் விரலில் வழுவழுப்பு. கார்பன் குளோரினை எடுத்துவிடுவதால், சுத்திகரித்த தண்ணீருக்குக் கிருமியிடமிருந்து எந்தக் காவலும் இல்லை. அது டேங்கில் நாள்கணக்கில் நின்றால் பாசிமாதிரிப் படலம் பிடிக்கத்தான் செய்யும். டி.டி.எஸ். மீட்டர் இதைக் காட்டாது, அதற்கு உப்பு மட்டும்தான் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டேங்கைக் காலி செய்து, இதற்கென்றே வைத்த புது ஸ்பாஞ்சால் துடைத்து, சோப்புப் போடாமல், பிடித்து வைத்த ஆர்.ஓ. தண்ணீராலேயே அலசுகிறேன். அப்புறம் வரும் முதல் டேங்க் தண்ணீர் பாத்திரம் கழுவத்தான். குலதெய்வம் கும்பிட ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தாலும் இதே வேலைதான். புது மெம்பரேன் போட்டாலும் முதல் இரண்டு டேங்கைக் குடிக்கக்கூடாது, அது கெடாமல் இருக்கச் சேர்த்த மருந்து அதில் வரும்.

மீட்டர் கையில் வந்த பிறகு நான் அளந்ததில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது குழாயில் நேராகப் பிடித்த வைகைத் தண்ணீர்: 190. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரம் டி.டி.எஸ். 500 வரை நல்லது என்கிறது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை ஒத்துக்கொள்கிறது. 500க்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு ஆர்.ஓ. கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019 மே மாதம் சொன்னது. அப்படி இருக்க, அவ்வளவு நல்ல தண்ணீரைப் போர்த் தண்ணீரோடு கலந்து, அப்புறம் மிஷினில் விட்டு, முக்கால் பங்கை வெளியே விட்டுக்கொண்டிருந்தோம். இப்போது குழாய்த் தண்ணீர் வரும் நாளில் இரண்டு எவர்சில்வர் அண்டாவில் தனியாகப் பிடிக்கிறோம். வடிகட்டி, கொதிக்க வைத்து, ஆற்றி, மண்பானையில் ஊற்றிக் குடிக்கிறோம். குழாய் போகும் வழியில் சாக்கடை கலக்க வாய்ப்பு உண்டு, அதனால் கொதிக்க வைப்பதில் சலுகை இல்லை. அத்தைக்கு அந்தத் தண்ணீர்தான் பிடிக்கிறது. ஆர்.ஓ. போர்த் தண்ணீர் நாளுக்கு மட்டும்.

போர்த் தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக்கூடத்தில் ஒருமுறை கொடுத்துப் பார்த்தேன். கடினத்தன்மை, அதாவது பருப்பை வேகவிடாத கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த அளவு, 620. தரம் சொல்லும் உச்சமே 600தான். நைட்ரேட்டும் ஃபுளோரைடும் அளவுக்குள் இருந்தன, அது பெரிய நிம்மதி. மிஷின் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும். வாசலுக்கு வந்து, தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டுக் கரண்ட் கொடுத்து, செந்நிறமாக மாற்றிக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டாம். அந்த நிறம் அவர்கள் கொண்டுவரும் இரும்புக் கம்பியிலிருந்து கரைவது. உப்பு கொஞ்சம் இருக்கும் எந்த நல்ல தண்ணீரிலும் அது வரும்.

வருட ஒப்பந்தம் போடுகிறவர்கள் மெம்பரேனும் பம்பும் அதில் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தை உங்களிடமே கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். கையில் வாங்கிப் பார்த்தால்தான் எது உண்மையில் கெட்டது என்று தெரியும்.

போன வாரம் எதிர்வீட்டு மதினி வந்து, அவர்கள் மிஷினுக்கும் மெம்பரேன் மாற்றச் சொல்கிறார்கள் என்றார். “மதினி, டியூபைக் கழட்டி அளந்து பாத்தீங்களா?” என்று கேட்டேன். மீட்டரை வாங்கிக்கொண்டு போனார். இன்னும் திருப்பித் தரவில்லை. சனிக்கிழமைக்குள் வாங்கிவிட வேண்டும், இந்த மாதக் கணக்கு எழுதும் நாள் அன்றுதான்.